வாசல் வைத்துக் கட்டிய சுவர்

உண்ட சோறு உடம்புக்குள் போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். போகவில்லை. வாயில் தொடங்கிக் குதத்தில் முடியும் அந்த நீண்ட குழாயின் இரு முனையும் திறந்தே கிடக்கின்றன. அதன் உட்புறம் வெளியுலகத்தின் தொடர்ச்சிதான். சோறு நம்முடையதாக வேண்டுமானால் குழாயின் சுவரைக் கடந்தாக வேண்டும். சிறுகுடலில் அந்தச் சுவரின் மேலணி ஒரே ஒரு கல வரிசை. தலைமயிர் ஒன்றின் தடிப்பில் பாதிகூட வராது. சடைமுளைகளையும் அவற்றின்மேல் முளைத்த நுண்சடைமுளைகளையும் இழுத்து விரித்தால் குடலின் பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீற்றர். (பழைய பாடப்புத்தகங்கள் டெனிஸ் மைதானம் அளவு என்று எழுதிவைத்தன. பிற்பாடு அளந்து பார்த்தவர்கள் குறைத்துவிட்டார்கள். வியப்பு அதனால் குறையவில்லை.) நான்கைந்து நாளில் பழைய கலங்கள் உதிர்ந்து புதியவை வந்து நிற்கின்றன. சுவர் மட்டும் ஒரு கணமும் விழுவதில்லை.

இந்தச் சுவரின் முன்னால் நாள்தோறும் அந்நியப் பொருள்கள் வந்து குவிகின்றன. பாண், சம்பல், பருப்பு, பால் தேத்தண்ணி. அவற்றோடு கோடானுகோடி நுண்ணுயிர்கள். எது உணவு, எது கூட வாழ விடத்தக்கது, எது கொல்ல வந்தது என்று பிரித்தறியாவிட்டால் ஒரு நாள்கூடத் தாங்காது. எல்லாவற்றோடும் சண்டைக்குப் போனால் உணவே நஞ்சாகும். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால் உயிர் போகும். படைத்தவன் இதற்குக் கண்ட வழி சுவரைத் தடிப்பாக்குவதல்ல. சுவரில் சில வாசல்களை வைத்தான். அந்த வாசல்களின் இரகசியம் நமக்குத் தெரியவர, வாந்திபேதி என்ற கொடுநோயோடு மனிதர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

கண்டியில் இருந்துகொண்டு அந்த நோயைப் பற்றி எழுதுகிறவன் மாத்தளைப் பாதையைத் தாண்டிப் போக முடியாது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக் காலத்தில் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் கங்காணியின் பின்னால் கண்டிச்சீமைக்கு வந்த வழி அது. தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று நடந்து மாத்தளையில் மலையேறினார்கள். குடித்தது வழியில் கிடைத்த குளத்துத் தண்ணீர். அதே குளத்தங்கரையில்தான் முந்திய கூட்டம் தங்கிப் போயிருந்தது. விழுந்தவர்களை விட்டுவிட்டு நடந்த கதைகள் மலையகத்தில் இன்றும் பேச்சில் உண்டு. எத்தனை பேர் மாண்டார்கள் என்ற கணக்கில் வரலாற்றாசிரியர்களுக்கிடையே வழக்குத் தீரவில்லை. வாந்திபேதி அவர்களை மட்டும் கொல்லவுமில்லை. பாதையோரச் சிங்களக் கிராமங்களையும் அது தொட்டது. பழியை மட்டும் கூலிகளின் தலையில் கட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டில் மண்டபம் முகாமில் ஆட்களைத் தடுத்துவைத்து, பார்த்து, பிறகே கப்பலேற்றும் ஏற்பாடு வந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் கோபுரம் நிற்பதும் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில்தான். கொள்ளைநோய்க்கு அஞ்சியவர்கள் அம்மனை நோக்கிக் கும்பிட்டதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த நாளில் லண்டன் வைத்தியர்கள் பலருக்கும் அதைவிட நல்ல மருந்து கைவசம் இருக்கவில்லை.

நோயை உண்டாக்கும் உயிரைப் பார்ப்போம். வளைந்த சிறு உடல், பின்னால் ஒற்றைச் சவுக்குவால். 1854இல் புளோரன்ஸ் நகரில் பிலிப்போ பச்சினி அதை நுணுக்குக்காட்டியில் கண்டு எழுதிவைத்தார், எவரும் கவனிக்கவில்லை. 1884இல் கல்கத்தாவில் ரொபர்ட் கோக் அதைப் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகே உலகம் நம்பியது. விப்ரியோ என்று பெயர். மனிதனைக் கொல்வதற்கென்றே படைக்கப்பட்ட உயிர் இது என்று நாம் எண்ணினால் அது நம் தன்முனைப்பு. அதன் தாய்வீடு ஆறும் கடலும் கலக்கும் உவர்நீர். கண்டியைச் சுற்றி வளைந்து, பேராதனைப் பூந்தோட்டத்தைத் தழுவி ஓடும் மகாவலி கடைசியில் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. அத்தகைய கழிமுகங்களில், கண்ணுக்கு அரிதாகவே தெரியும் கோப்பிபோடு என்ற சிற்றுயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு விப்ரியோக் குடும்பம் வாழ்கிறது. அந்த ஓடு கைற்றின் என்ற பொருளால் ஆனது. கடலில் ஆண்டுதோறும் உதிரும் ஓடுகள் மலைமலையாய்த் தேங்காமல், அவற்றைத் தின்று கரைத்து மறுபடி உயிர்களுக்கு உணவாக்கும் வேலையில் விப்ரியோக்களுக்கும் பங்குண்டு. அந்தத் தொழிலைச் செய்துகொண்டு அது கிடந்திருக்கலாம். ஆனால் அதன் சில வகைகளுக்குள் ஒரு வைரசு புகுந்து, நஞ்சு செய்யும் மரபணுவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. 1996இல்தான் இது தெரியவந்தது. நம்மை நோயாளியாக்கும் கிருமியே ஒருவகையில் நோயாளிதான்.

நஞ்சின் வேலையை முதலில் நிறுவியவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே. பெரிய ஆய்வுகூடம் இல்லை, பணமும் இல்லை. முயலின் குடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, அதற்குள் விப்ரியோவைச் செலுத்தினார். கட்டிய துண்டு நீர் நிரம்பிப் புடைத்தது. 1959இல், கிருமியே இல்லாமல் அது வளர்ந்த நீரை மட்டும் வடித்துச் செலுத்தினாலும் அதே விளைவு என்று காட்டினார். அதாவது கிருமி குடலைக் குதறுவதில்லை. ஒரு பொருளைச் சுரக்கிறது, அந்தப் பொருள் குடலை ஏய்க்கிறது. மறு ஆண்டே, பாங்கொக்கில் நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்கெடுத்துப் பார்த்தவர்களின் முடிவு வெளிவந்தது. சுவர் சிதையாமல் முழுதாக இருந்தது! மணிக்கு ஒரு லீற்றர் வரை நீரை இழந்துகொண்டிருக்கும் உடம்பில் குடற்சுவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. டே அவர்களுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. அவரை முன்மொழிந்தவர்களில் ஜோஷுவா லெடர்பர்க் ஒருவர் என்பதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அந்த மனக்குறையை எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

அந்த நஞ்சின் அமைப்பைப் பாருங்கள். ஐந்து துண்டுகள் வட்டமாகச் சேர்ந்த ஒரு வளையம், அதன்மேல் ஆறாவது துண்டு. வளையத்துக்கு ஒரே வேலை: குடற்கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஜிஎம்1 என்ற சர்க்கரைக் கொழுப்பைப் பற்றிக்கொள்வது. பற்றியதும் ஆறாவது துண்டு உள்ளே போகிறது. கலத்துக்குள் தேவைக்கேற்பத் திறந்து மூடும் ஓர் ஆளியை அது மூட முடியாமல் செய்துவிடுகிறது. குளோரைட்டு வெளியே பாய, உப்பும் தண்ணீரும் அதைத் தொடர்கின்றன. கலம் சாவதில்லை. தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது, நிறுத்தத் தெரியாமல். வைத்தியம் இல்லாவிட்டால் கடுமையாக நோய்ப்பட்டவர்களில் பாதிப்பேர் வரை இறந்துபோவார்கள். சில மணி நேரமே போதும்.

இதே சுவரில் இன்னொரு வழி அடைபடாமல் இருப்பதை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. சர்க்கரையையும் உப்பையும் சோடியாக உள்ளே இழுக்கும் ஒரு வழி குடற்கலத்தில் உண்டு. நஞ்சு அதைத் தொடுவதில்லை. உப்பும் குளுக்கோசும் சரியான அளவில் கலந்து குடிக்கக் கொடுத்தால், கொட்டிக்கொண்டிருக்கும் அதே குடல் தண்ணீரை உள்ளே வாங்கவும் செய்கிறது. 1971இல் வங்காள எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் சேலைன் தீர்ந்துபோன நிலையில் திலீப் மகலானபிஸ் இதைத் துணிந்து செய்தார். சாவு வீதம் 30இலிருந்து 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. நம் ஊர் மருந்துக்கடையில் ஜீவனிப் பைக்கற்று என்று கேட்டு வாங்குகிறோமே, அதற்குள் இருப்பது இந்த அறிவுதான்.

ஆனால் நோய் வந்த பின் காப்பது ஒன்று, வராமல் காப்பது வேறு.

தடுப்பூசி முயற்சிகள் முன்பே தொடங்கிவிட்டன. 1892இல் பாரிசில் வால்டெமார் ஹாஃப்கின் தன் உடம்பிலேயே ஊசியைப் போட்டுப் பார்த்தார். 1894இல் கல்கத்தாச் சேரிகளிலும், பிறகு அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோருக்குப் போட்டார். பயன் இருந்தது. ஆனால் அரைகுறைப் பயன். சில மாதம் நின்றது, கை வீங்கியது, காய்ச்சலடித்தது. பயணிகள் வாந்திபேதி ஊசிச் சான்றிதழோடு கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. 1973இல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது, ஊசி நோயின் பரவலைத் தடுப்பதில்லை என்று கண்டு. ஏன் தடுப்பதில்லை? கையில் குத்திய ஊசியால் பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் பெருகின. சண்டை நடப்பதோ குடற்சுவரின் வெளிப்பக்கம். விப்ரியோ வழக்கமாகச் சுவரைத் தாண்டி இரத்தத்துக்கு வருவதில்லை. வராத எதிரிக்காக உள்ளே படை காத்துக்கொண்டிருந்தது.

வாய் வழியே கொடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னவர் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் அலெக்சாந்தர் பெஸ்ரெட்கா. கொன்ற கிருமிகளை மாத்திரையாக்கி, அதற்கு முன் மாட்டுப் பித்தம் கலந்த மாத்திரை ஒன்றையும் விழுங்கச் சொன்னார். பித்தம் குடற்சுவரின் சீதத்தை விலக்கி மருந்துக்கு வழிவிடும் என்பது அவர் எண்ணம். இது எங்கே பரிசோதிக்கப்பட்டது தெரியுமா? 1920களின் பிற்பகுதியில், நம் தோட்டங்களுக்கு ஆள் வந்துகொண்டிருந்த அதே சென்னை மாகாணத்தில். பொதுச் சுகாதாரப் பணிப்பாளராக இருந்த ரஸ்ஸல் கிராமங்களில் மாத்திரையையும் ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் காத்தன. ஆனால் பித்த மாத்திரை குமட்டியது, செலவும் கூடியது. கைவிட்டுவிட்டார்கள். நல்ல யோசனை குமட்டலால் தோற்றது என்று சொல்ல வேண்டியதுதான். ஊசி போட்டால்தான் மருந்து எடுத்ததாக நம்பும் பழக்கம் நம்மவருக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். விஞ்ஞானத்துக்கும் அது இருந்திருக்கிறது.

இனி அந்த வாசல்களுக்கு வருவோம். 1677இல் யோகான் பேயர் என்ற சுவிஸ் வைத்தியர் சிறுகுடலின் உட்பக்கத்தில் சடைமுளை இல்லாத வழுவழுப்பான திட்டுகள் சில இருப்பதைக் கண்டு எழுதினார். எதற்கு என்று தெரியவில்லை. மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1974இல், அந்தத் திட்டுகளின் கூரையில் ஒரு விசித்திரமான கலத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டி காட்டியது. எம் கலம் என்று பெயரிட்டார்கள். மற்றக் கலங்கள் சீதத்தைப் போர்த்திக்கொண்டு நிற்க, இதன்மேல் சீதம் மிகக் குறைவு. மற்றவை கிருமியைத் தள்ளி நிறுத்த, இது கிருமியை வலிய இழுத்து, சேதமில்லாமல் மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறது. எம் கலத்தின் அடியில் ஒரு குழிவு. அங்கே வெண்குருதிக் கலங்கள் உட்கார்ந்திருக்கின்றன. தோட்டத்து லயத்தில் காம்பராவுக்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு இருக்கும். வந்தவரை அங்கே உட்கார வைத்து, யார் எவர் என்று விசாரித்த பின்தான் உள்ளே கதை போகும். குடலின் இஸ்தோப்பு இந்தத் திட்டுகள்.

விசாரித்த பிறகு நடப்பது அதைவிடப் பெரிய அதிசயம். பாடம் படித்த வெண்குருதிக் கலங்கள் அங்கேயே தங்குவதில்லை. நிணநீரில் புறப்பட்டு, நெஞ்சுக்கூட்டின் வழியே போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றுகின்றன. சுற்றிவிட்டுத் தாம் புறப்பட்ட குடலுக்கே திரும்பி வருகின்றன. நுரையீரலுக்கோ மூளைக்கோ வழி தவறிப் போவதில்லை. எப்படி வழி தெரிகிறது? குடலிலுள்ள கலங்கள் நாம் தின்னும் விற்றமின் ஏ சத்தை ஓர் அமிலமாக மாற்றி, அதைக் கொண்டு அந்தக் கலங்களின்மேல் முகவரி எழுதி அனுப்புகின்றன. கண்டிச் சந்தையில் கட்டுக்கட்டாய் வாங்கும் வல்லாரையும் பொன்னாங்காணியும் பப்பாசியும் அந்த முகவரிக்கு மை தருகின்றன. இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். மையும் முகவரியும் நாம் பிறக்கும் முன்பே ஏற்பாடாகிவிட்டவை.

திரும்பி வந்த கலங்கள் சுவரின் உட்பக்கம் குடியேறி ஐஜிஏ என்ற பிறபொருளெதிரியைச் செய்கின்றன. நாளொன்றுக்குச் சில கிராம். உடம்பு செய்யும் மற்றெல்லாப் பிறபொருளெதிரிகளையும் சேர்த்தாலும் இதன் அளவு வராது. குடற்கலங்கள் அதைச் சுமந்து சுவரைக் கடத்தி வெளியே விடுகின்றன. இரத்தத்தில் உள்ள அதன் உறவினர்கள் கிருமியைக் கண்டால் அழற்சியை மூட்டி ஊரையே கூட்டும். ஐஜிஏ அப்படிச் செய்வதில்லை. விப்ரியோவின் மேலுறையைப் பற்றி, அதன் சவுக்குவாலை ஓடவிடாமல் நிறுத்தி, ஒன்றோடொன்று கட்டிச் சீதத்தோடு வெளியேற்றுகிறது. நீந்த முடியாத விப்ரியோ சுவரை அடையாது. அடையாதது நஞ்சைக் கக்கியும் பலனில்லை. வீட்டுக்குள் தீ வைக்காமல் திருடனைப் பிடிக்கும் இந்த நிதானத்தை எந்த இராணுவமும் இன்னும் கற்கவில்லை.

சுவீடனின் கொத்தன்பர்க் நகரில் யான் ஹோல்ம்கிரென் இந்த வழியை நம்பி ஒரு பானத்தைத் தயாரித்தார். கொன்ற விப்ரியோக்கள், அவற்றோடு நஞ்சின் அந்த ஐந்து துண்டு வளையம் மட்டும். கொல்லும் ஆறாவது துண்டு இல்லாவிட்டால் வளையம் தீங்கற்றது. ஆனால் குடற்சுவரைப் பற்றிக்கொள்ளும் குணம் அப்படியே இருக்கிறது. எதிரியின் திறவுகோலே பாடப்புத்தகமானது. 1985இல் வங்காளதேசத்தின் மத்லப் கிராமங்களில் பெண்களும் பிள்ளைகளுமாக அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர், சிலர் மருந்தையும் சிலர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான போலி மருந்தையும், மூன்று தவணையும் குடித்தார்கள். முதல் ஆறு மாதம் 85 வீதக் காப்பு. மூன்று ஆண்டுச் சராசரி சுமார் 50 வீதம். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்குகளைத் திரும்பப் புரட்டியபோது இன்னொன்று தெரிந்தது: நிறையப் பேர் குடித்த இடங்களில், குடிக்காத அயலாருக்கும் நோய் குறைந்திருந்தது.

வளையம் விலை கூடியது. ஆகவே அதை விட்டுவிட்டு, கொன்ற கிருமிகளை மட்டும் கொண்ட மலிவான மருந்தை வியட்நாமியர் முதலில் செய்தார்கள். அதைச் சீர்படுத்தி ஐதராபாத்தில் தயாரித்ததுதான் ஷான்கோல். 2006இல் கொல்கத்தாச் சேரிகளில், ஒரு நூற்றாண்டுக்கு முன் ஹாஃப்கின் ஊசியோடு அலைந்த அதே நகரில், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிலீற்றர் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு முடிவில் 65 வீதக் காப்பு. ஒரு தேக்கரண்டியில் சுமார் மூன்றிலொரு பங்கு நீரை இரண்டு முறை பார்த்துவிட்டுக் குடல் ஐந்தாண்டு நினைவு வைத்திருக்கிறது.

எல்லாம் வெற்றியில்லை. உயிருள்ள, பலமிழக்கச் செய்த விப்ரியோவைக் கொண்ட வேறொரு மருந்து அமெரிக்கத் தொண்டர்களிடம் அருமையாக வேலை செய்தது. ஜகார்த்தாவில் பெரிய அளவில் கொடுத்தபோது ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வாந்திபேதிக்கான எந்த வாய்வழித் தடுப்பு மருந்தும் பெரியவர்களுக்குப் போல் பலிப்பதில்லை. அசுத்த நீரைக் குடித்தே வளரும் பிள்ளையின் குடலில் சடைமுளைகள் தேய்ந்து, சுவர் ஓயாத எரிச்சலில் இருக்கிறது. ஓயாமல் கூச்சல் கேட்கும் இஸ்தோப்பில் விசாரணை எப்படி நடக்கும்? மருந்து யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமே அது தடுமாறுகிறது. பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம் என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லித் திரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலையை எந்த மருந்துக் குப்பியும் எடுத்துக்கொள்ளாது. இந்தத் தீவில் வாந்திபேதி கடைசியாகப் பரவி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்படியிருந்தும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் முதற்பிரிவில், பிளேக்கோடும் மஞ்சள் காய்ச்சலோடும், இன்றும் அது நிற்கிறது. எசல பெரஹராவின் முடிவில் கெட்டம்பேத் துறையில் மகாவலி நீரை வாளால் வெட்டிக் குடத்தில் எடுத்து அடுத்த ஆண்டு வரை காக்கும் ஊர் இது. நீருக்கு மரியாதை செய்வது நமக்குப் புதிதல்ல. அந்த மரியாதை வாய்க்காலுக்கும் கக்கூசுக்கும் சேர வேண்டும், அவ்வளவுதான்.

கைக்குழந்தைகளின் கதை தனி. பாடம் படித்த வெண்குருதிக் கலங்கள் குடலுக்கே திரும்புகின்றன என்று சொன்னேன். பிள்ளை பெற்றவளிடம் அவற்றில் ஒரு பகுதி குடலுக்குப் போகாமல் மார்புக்குப் போகிறது. தாயின் குடல் எந்தக் கிருமியைக் கண்டதோ, அதற்கான ஐஜிஏ அவள் பாலில் இறங்குகிறது. தாயும் பிள்ளையும் ஒரே தண்ணீரைத் தொட்டு வாழ்கிறவர்கள். பிள்ளைக்கு வரக்கூடியது எது என்று தாயின் குடலுக்குத் தெரியும். 1980களின் தொடக்கத்தில் வங்காளதேசத்தில், வாந்திபேதி கண்ட வீடுகளில் பாலூட்டும் தாய்மாரின் பாலை எடுத்து அளந்தார்கள். பிள்ளைகளையும் நாள்தோறும் பார்த்தார்கள். பிறபொருளெதிரி நிறைந்த பாலைக் குடித்த குழந்தைகளின் குடலிலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே விப்ரியோ குடியேறியிருந்தது. நோய் கண்டதோ அவர்களில் மிகச் சிலருக்கே.